வானில் முதல் லைசென்ஸ்: பயத்தைப் பேரேட்டில் எழுதுங்கள்

காரைக்குடிப் பக்கம் இருந்துகொண்டு, "ஸ்கைடைவிங் லைசென்ஸ் எடுக்கப் போறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அத்தனை பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "பயமா இல்லையா?"

இருக்கும். எனக்கு இருந்தது. முதல் குதிப்புக்கு முந்தின இரவு கண்ணே மூடவில்லை. விமானம் மேலே ஏறும்போது உள்ளங்கை வியர்த்துக் கையுறை ஈரமாகிவிட்டது. பயிற்சியின் மூன்றாம் நிலையில் தேறவில்லை. ஒரு நாள் கதவு வரைக்கும் போய், குதிக்காமல் அதே விமானத்தில் தரைக்குத் திரும்பினேன். இத்தனைக்குப் பிறகும் 25 குதிப்பை முடித்து லைசென்ஸ் வாங்கினேன். வழியில் எது கைகொடுத்தது, எது கொடுக்கவில்லை என்பதை அடுத்துப் போகிறவருக்காக எழுதி வைக்கிறேன்.

எதற்குப் போகிறோம் என்பதில் தெளிவு வேண்டும்

சுற்றுலா போனவர்கள் இன்ஸ்ட்ரக்டரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிப்பது டேண்டம். அதில் உங்கள் வேலை ஒன்றுமில்லை. லைசென்ஸ் என்றால் பாராசூட் குடை உங்கள் முதுகில், முடிவு உங்கள் கையில். அமெரிக்க பாராசூட் சங்கத்தின் 'ஏ' லைசென்ஸ் பல நாடுகளில் செல்லும். அதற்குக் குறைந்தது 25 குதிப்பு வேண்டும். வயது 18 நிறைந்திருக்க வேண்டும். பெரும்பாலானோர் போகிற வழி ஏஎஃப்எஃப் (ஆக்ஸிலரேட்டட் ஃப்ரீஃபால்) என்கிற பயிற்சி முறை. ஒரு நாள் தரைப் பாடம். பிறகு ஏறத்தாழ 13,000 அடியிலிருந்து முதல் குதிப்பு. முதல் மூன்று நிலைகளில் இரண்டு இன்ஸ்ட்ரக்டர்கள் இரு பக்கமும் உங்களைப் பிடித்தபடி உடன் விழுவார்கள். நான்காம் நிலையிலிருந்து ஒருவர்தான். ஏழு, எட்டு நிலைகள் தேறியதும் தனியாகவும் கோச்சோடும் குதித்து 25-ஐ எட்ட வேண்டும்.

செட்டிநாடு கால்நடைப் பண்ணைக்குள் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்குள் ஓர் ஆசை எழும். ஆனால் இன்றைக்கு நம் வட்டாரத்தில் குதிக்க இடமில்லை. இந்தியாவில் அரியானாவின் நார்னௌல் பக்கம் ஒரு தளம் உண்டு. முழு லைசென்ஸ் பயிற்சிக்கு நம்மவர்கள் பெரும்பாலும் தாய்லாந்தின் பட்டாயா, துபாய், ஸ்பெயினின் எம்புரியாப்ராவா, கலிபோர்னியாவின் பெரிஸ் என்று போகிறார்கள். நான் தாய்லாந்து போனேன், அதுவும் இரண்டு தடவையாக. ஏன் இரண்டு தடவை என்று பின்னால் வரும்.

போகுமுன் மருத்துவரைப் பாருங்கள். காது, சைனஸ், தோள்மூட்டு நழுவின பழைய கதை, வலிப்பு, இரத்த அழுத்தம் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சளி பிடித்திருந்தால் அன்று குதிக்கக் கூடாது. இறங்கும்போது காது அடைத்து உயிர்போகிற வலி வரும். பயணக் காப்பீட்டில் சாகச விளையாட்டு சேருமா என்று வரிவரியாகப் படியுங்கள். பல திட்டங்களில் சேராது. இன்னொன்று, பணத்தையும் நாளையும் இறுக்கிப் பிடித்துத் திட்டம் போடாதீர்கள். ஒரு நிலையில் தேறாவிட்டால் மறுபடி பணம் கட்ட வேண்டும். மழைக்கும் காற்றுக்கும் நாலைந்து நாள் போய்விடும். "இன்னைக்குக் குதிக்கலைன்னா காசு போச்சு" என்ற நெருக்கடியோடு விமானம் ஏறுகிறவருக்குப் பயம் இரட்டிப்பாகும்.

பேரேடு போடுங்கள்

எங்கள் ஐயா பழைய முறையில் கணக்கு எழுதியவர். அன்றன்றைக்கு நடந்தது நாள்வழியில் ஏறும். அங்கிருந்து ஒவ்வொன்றும் அதனதன் தலைப்பில் பேரேட்டுக்குப் போகும். யாராவது கடன் கடன் என்று புலம்பினால், "யாருக்கு எவ்வளவுன்னு எழுதுங்க முதல்ல" என்பார். பயத்துக்கும் நான் அதைத்தான் செய்தேன். இதை மட்டும் விடாமல் செய்யச் சொல்வேன். மற்றவையெல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

ஒரு நோட்டில் ஒரு வாரம் நாள்வழி எழுதுங்கள். எந்த நேரத்தில் வயிற்றைப் பிசைந்தது, அப்போது மனத்தில் ஓடிய படம் என்ன என்று எழுதினால் போதும். வாரக் கடைசியில் தலைப்புப் பிரித்துப் பேரேட்டில் ஏற்றுங்கள். என் பேரேட்டில் ஆறு தலைப்பு வந்தது. குடை விரியாவிட்டால்? கதவில் கால் நகராவிட்டால்? கற்றதெல்லாம் மறந்துவிட்டால்? இறங்கும்போது கால் முறிந்தால்? எல்லோர் முன்னாலும் தோற்றால்? வீட்டில் எப்படிச் சொல்வது?

சாவைப் பற்றிய பயம்தான் எல்லாமும் என்று நினைத்திருந்தேன். எழுதிப் பார்த்தால் அது ஒரு தலைப்புதான். நாள்வழியில் அதிக வரி பிடித்தது, பிறர் முன்னால் தோற்பது. இது தெரிந்ததே பெரிய விடுதலை. மூட்டையாகக் கிடந்தவரை அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. பிரித்து வைத்த பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வேலையை எழுத முடிந்தது. எதிர்ப் பக்கத்தில் ஆறுதல் வார்த்தை எழுதாதீர்கள். "ஒண்ணும் ஆகாது" என்பது வரவே அல்ல. கையால் செய்யக்கூடிய ஒரு வேலை, அல்லது சரிபார்க்கக்கூடிய ஒரு தகவல், இந்த இரண்டில் ஒன்றுதான் அங்கே வர வேண்டும்.

குடை விரியாவிட்டால்?

இந்தத் தலைப்பை அப்பச்சியே எனக்காக எழுதி முடித்தார் என்று சொல்ல வேண்டும். வளவில் (வீட்டு முற்றத்தில்) உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார்.

"குடை விரியலைன்னா என்னத்தா செய்வே?"

"இன்னொரு குடை முதுகுலயே இருக்கு அப்பச்சி. முதல் குடையைக் கழட்டி விட்டுட்டு அதை விரிக்கணும்."

"அதுவும் சரியில்லைன்னா?"

"அந்த ரெண்டாவது குடையை நாம மடிக்கக் கூடாது. அதுக்குன்னு லைசென்ஸ் வாங்கின ஆளுதான் மடிக்கணும். அமெரிக்க விதிப்படி 180 நாளுக்கு ஒரு தரம் பிரிச்சுப் பார்த்துத் திரும்ப மடிக்கணும்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீ பயத்துல கையை நீட்டவே மறந்துட்டா?"

அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு படித்து மறுநாள் சொன்னேன். ரிக் என்கிற குடைப் பைக்குள் ஏஏடி என்றொரு சின்னக் கருவி இருக்கிறது. காற்றழுத்தத்தை வைத்து உயரத்தையும் விழும் வேகத்தையும் அளந்துகொண்டே இருக்கும். ஏறத்தாழ 750 அடி உயரத்திலும் நீங்கள் குடை இல்லாத வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால், ரிசர்வ் என்கிற அந்த இரண்டாவது குடையைக் கட்டியிருக்கும் கயிற்றைத் தானே வெட்டிவிடும். இந்த வகையில் பெரும் மாற்றம் கொண்டுவந்த கருவி 1991-ல் ஜெர்மனியில் வெளிவந்தது. 750 அடி என்றால் ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை மூன்று தடவை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த உயரத்துக்குச் சற்று மேல். அந்த வேகத்தில் அதைக் கடக்க நாலு நொடிக்குச் சற்று மேல்தான் ஆகும். ஆகவே அது கடைசிக் காவல்தான். அதை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. மாணவர்கள் முதல் குதிப்புகளில் 5,500 அடியிலேயே குடையை விரிப்பார்கள். விரிந்தது சரியில்லை என்றால் 2,500 அடிக்குக் கீழே போவதற்குள் முடிவெடுத்துக் கழற்றிவிட வேண்டும். இவ்வளவு இடைவெளி வைத்திருப்பதே பயந்துபோன புதியவர் யோசிக்க நேரம் வேண்டும் என்பதற்காகத்தான்.

தளத்துக்குப் போனதும், பயிற்சி தொடங்கும் முன்னே, தோளில் இருக்கும் மூன்று வளையங்களைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். 1970-களில் பில் பூத் வடிவமைத்தது. பெரிய வளையத்துக்குள் நடு வளையம் நுழைந்து மடங்கும். அதற்குள் சின்ன வளையம். அதன் மேல் ஒரு கயிற்றுக் கண்ணி. கண்ணியைப் பிடித்திருப்பது ஒரு மஞ்சள் கேபிள். ஒவ்வொரு வளையமும் நெம்புகோல் போல வேலை செய்து இழுவிசையைக் குறைத்துக்கொண்டே வரும். உங்கள் முழு எடையையும் தாங்கி நிற்கிற பிணைப்பு, கடைசியில் ஒரு கை இழுப்பில் விடுபட்டுவிடும். நான் அதை நாலு தடவை மாட்டி மாட்டி அவிழ்த்துப் பார்த்தேன். நாலாவது தடவை 'டக்'கென்று வளையங்கள் உருண்டு விலகியபோது, ஆறு மாதமாக என்னோடு இருந்த ஒரு படம் மனத்திலிருந்து போய்விட்டது. நம்பிக்கை வைக்கச் சொல்லி யார் சொன்னாலும் எனக்கு வந்திருக்காது. வளையத்தை விரலால் தொட்ட பிறகு வந்தது.

எண்ணிக்கை வேண்டுமென்றால் இதோ: 2023-ல் அமெரிக்காவில் ஏறத்தாழ 36.5 லட்சம் குதிப்புகள் நடந்தன. இறந்தவர்கள் 10 பேர். பூஜ்யம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விபத்துகளில் கணிசமானவை நன்றாக விரிந்த குடையின் கீழே, தரைக்கு அருகே தவறான முடிவெடுப்பதால் நடப்பவை. எனவே உங்கள் கவலையில் ஒரு பங்கைக் குடை விரிவதிலிருந்து எடுத்து, இறங்குவதில் வையுங்கள்.

வளவில் செய்யும் பயிற்சி

பயணத்துக்கு முன் வீட்டில் பழக வேண்டியவை இரண்டே. ஒன்று ஆர்ச், இன்னொன்று மூச்சு. அவசரக் கைப்பிடிகளின் வரிசையை முன்கூட்டியே வீடியோ பார்த்துப் பழகாதீர்கள். தளத்துக்குத் தளம் சிறு வேறுபாடு உண்டு; தப்பாகப் படிந்த கைப்பழக்கத்தை அழிப்பது, புதிதாகக் கற்பதைவிடக் கஷ்டம்.

ஆர்ச் என்பது உடம்பை வில்லாக வளைப்பது. குப்புறப் படுத்து, இடுப்பைத் தரையில் அழுத்தி, முகவாயைத் தூக்கி, கைகளையும் முழங்காலுக்குக் கீழான காலையும் மேலே எடுக்க வேண்டும். இறகுப்பந்து எப்படிப் போட்டாலும் தக்கை கீழாகத் திரும்புகிற மாதிரி, இடுப்பு தாழ்ந்த உடம்பு காற்றில் தானாகவே குப்புறத் திரும்பிவிடும். கதவிலிருந்து எப்படி உருண்டாலும் ஆர்ச் போட்டால் நேராகிவிடுவீர்கள். நான் காலையும் மாலையும் வளவில் ஆத்தங்குடிக் கல்லில் படுத்துப் பழகினேன். அப்பத்தா ஊஞ்சலில் இருந்தபடி நொடி எண்ணுவார்கள். முதல் நாள் பதினைந்தில் கால் நடுங்கியது. மூன்று வாரத்தில் அறுபது வரை எண்ணினார்கள். வயிற்றில் படும் அந்தக் கல்லின் குளிர்ச்சியும் அப்பத்தாவின் குரலும் பிறகு விமானத்துக்குள் எனக்கு எவ்வளவு உதவின என்று சொல்லி முடியாது.

மூச்சு மிக எளிது. நாலு எண்ணி உள்ளே, ஏழெட்டு எண்ணி வெளியே. வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும். அப்போதுதான் இதயத் துடிப்பு தணியும். பயம் வந்த பிறகு முதல் தடவை இதைச் செய்து பார்த்தால் பலிக்காது. தினமும் ஒரு வேலையோடு சேர்த்துப் பழகுங்கள். எனக்கு அது மாடிப்படி ஏறுவது.

கீழிருந்து காற்று வீசி ஆளை மிதக்க வைக்கும் காற்றுச் சுரங்கத்தில் ஒரு பத்து நிமிடம் மிதந்து பார்க்க முடிந்தால் நல்லது. ஹைதராபாத்தில் இருக்கிறது, சிங்கப்பூர் செந்தோசாவில் இருக்கிறது. சிங்கப்பூரில் சொந்தக்காரர் இல்லாத வீடு நம் பக்கம் குறைவுதான்.

விமானத்துக்குள்

ஏறுவதற்குப் பதினைந்து, இருபது நிமிடம் ஆகும். என் அனுபவத்தில் மொத்தப் பயணத்திலும் கடினமான பகுதி இது. குதித்த பிறகு பயப்பட நேரம் கிடையாது. ஏறும்போது வேறு வேலை கிடையாது. அதனால் அந்த நேரத்துக்கு வேலை கொடுங்கள். நான் உயரத்தைப் பங்கு போட்டேன். 3,000 அடி வரை ஜன்னல் வழியே இறங்கும் இடத்தையும் காற்றுத் திசைமானியையும் பார்ப்பேன். 6,000 அடி வரை அவசர வரிசையை மனத்துக்குள் கை அசைத்துச் செய்வேன். 9,000 அடி வரை அன்றைய குதிப்பைக் கதவிலிருந்து தரை வரை ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பேன். அதற்குப் பிறகு கண்ணை மூடி மூச்சு மட்டும். பக்கத்தில் இருக்கிறவர் பேச்சுக் கொடுத்தால் ஒரு புன்னகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கதவு திறந்ததும் குளிர்ந்த காற்றும் இரைச்சலும் ஒரே அடியாக உள்ளே வரும். அந்தச் சத்தத்தைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. உடம்பு அதை ஆபத்து என்றே எடுத்துக்கொள்ளும். பார்வை குறுகும், காது மந்தமாகும். அது உங்கள் கோழைத்தனம் இல்லை, எல்லா உடம்பும் செய்வதுதான். கீழே பார்க்காதீர்கள். தொடுவானத்தைப் பாருங்கள். உள்ளே இருக்கும் இன்ஸ்ட்ரக்டரைப் பார்த்து ஒரு தலையசைப்பு, வெளியே தொற்றி நிற்கும் இன்ஸ்ட்ரக்டரைப் பார்த்து ஒரு தலையசைப்பு. மேலே, கீழே, ஆர்ச். இந்த எண்ணிக்கையைக் குரல் விட்டுச் சொல்லுங்கள். சொல்ல வேண்டுமானால் மூச்சு விட்டே ஆக வேண்டும்.

ராட்டினத்தில் இறங்கும்போது வயிறு தூக்கிப்போடுமே, அது இருக்காது. விமானமே வேகமாகப் போய்க்கொண்டிருப்பதால் வெளியே வந்த உடனே காற்று உங்களை ஏந்திக்கொள்கிறது. பத்துப் பன்னிரண்டு நொடியில் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும்; அதற்கு மேல் ஏறாது. விழுவது போலவே தோன்றாது. பலத்த காற்றில் படுத்திருப்பது போல இருக்கும். 13,000 அடியிலிருந்து 5,500 அடிக்கு முக்கால் நிமிடம்.

முதல் குதிப்பின் நடுப் பகுதி பலருக்கு நினைவில் நிற்காது. எனக்கும் கதவுக்குப் பிறகு உயரம் காட்டும் ஆல்டிமீட்டர் 6,000 காட்டியது வரை ஒன்றுமே ஞாபகமில்லை. பதற வேண்டாம், இரண்டாம், மூன்றாம் தடவையில் படம் நீளும்.

தோற்ற கதை

மூன்றாம் நிலையில்தான் இரண்டு இன்ஸ்ட்ரக்டர்களும் முதல் முறையாகக் கையை விடுவார்கள். விட்டார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மூச்சுப் பிடித்ததும் வலது கால் விறைத்தது. கால் விறைத்ததும் உடம்பு சுழலத் தொடங்கியது. முகத்துக்கு நேரே இரண்டு விரலை நீட்டிக் காட்டினார் ஒருவர். காலை நீட்டு என்று பொருள். தரையில் நூறு தடவை பார்த்த சைகைதான். அப்போது அது வெறும் இரண்டு விரலாகத் தெரிந்தது. அவரே பிடித்து நிறுத்தினார். உயரம் பார்க்க மறந்துவிட்டேன். குடை விரிக்கும் சைகையை அவர் காட்டித்தான் விரித்தேன்.

மறுநாள் அதே குதிப்பைத் திரும்பச் செய்ய ஏறினேன். கதவு திறந்தது. தலையை ஆட்டி மாட்டேன் என்றேன். இன்ஸ்ட்ரக்டர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் ரிக்கின் கைப்பிடிகள் எல்லாம் சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்தார், பெல்ட்டை மாட்டிவிட்டார், பைலட்டுக்குச் சைகை காட்டினார். மற்றவர்கள் குதித்தார்கள். நான் விமானத்தோடு இறங்கினேன்.

பேரேட்டில் அதிக வரி பிடித்த அந்தப் பயம் அன்று நடந்தேவிட்டது. எல்லோர் முன்னாலும் தோற்றேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பேக்கிங் கொட்டகையில் குடை மடித்துக்கொண்டிருந்த, ஆயிரக்கணக்கில் குதித்த ஒரு பெண்மணி தானும் இரண்டு தடவை விமானத்தோடு இறங்கியதாகச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்தார். மனமோ உடம்போ சரியில்லை என்றால் குதிக்காமல் இறங்குவது உங்கள் உரிமை. அந்த உரிமை இருக்கிறது என்று ஏறும் முன்பே உங்களுக்கு நீங்களே சொல்லி வையுங்கள். வற்புறுத்தித் தள்ளுகிற தளம் என்றால் பணம் போனாலும் பரவாயில்லை, வேறு இடம் பாருங்கள்.

ஊருக்குத் திரும்பினேன். முறையாகக் கற்றுவிட்டதால், இப்போது அவசர வரிசையை வளவில் பழக முடிந்தது. பெல்ஜியம் கண்ணாடி முன் நின்று, பழைய பள்ளிக்கூடப் பையின் வாரில் சிவப்புத் துணியும் வெள்ளைத் துணியும் கட்டிக்கொண்டு, சிவப்பைப் பார், சிவப்பைப் பிடி, வெள்ளியைப் பார், சிவப்பை இழு, வெள்ளியை இழு என்று நாளுக்கு முப்பது தடவை. சிவப்பு, முதல் குடையைக் கழற்றும் கைப்பிடி; வெள்ளி, ரிசர்வ் குடையை விரிக்கும் கைப்பிடி. எங்கள் தளத்தின் வரிசை அது. உங்களுடையதை உங்கள் இன்ஸ்ட்ரக்டரிடம் கேளுங்கள். அண்ணன் மகன் எதிரே நின்று எதிர்பாராத நேரத்தில் இரண்டு விரல் நீட்டுவான், விரலை மடக்குவான், கட்டைவிரலைக் கீழே காட்டுவான். காலை நீட்டு, காலை மடக்கு, ஆர்ச். சாப்பிடும்போதுகூடக் காட்டுவான். சைகைக்கு யோசிக்காமல் உடம்பு பதில் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் இரண்டாம் பயணத்துக்கு டிக்கெட் போட்டேன். மாணவர் 30 நாளுக்கு மேல் குதிக்காமல் இருந்தால் மறுபாடம் எடுத்துக்கொண்டே தொடர வேண்டும். அதையும் கணக்கில் வையுங்கள். அந்த முறை மூன்றாம் நிலையில் அவர்கள் கையை விட்டபோது உரக்க எண்ணிக்கொண்டே இருந்தேன். அப்பத்தா எண்ணும் ராகத்தில். கால் விறைக்கவில்லை.

இறங்குவதற்கு நாரையைப் பாருங்கள்

குளிர்காலத்தில் திருப்பத்தூர் – மதுரை சாலையில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கு ஒரு மாலை போங்கள். நத்தைகுத்தி நாரைகள் கூட்டுக்குத் திரும்புவதைப் பாருங்கள். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் கடைசியில் காற்றுக்கு எதிராகத் திரும்பியே இறங்கும். கிளைக்குச் சற்று முன் சிறகை முழுசாக விரித்துக் குவித்து வேகத்தைக் கொல்லும். கால்கள் முன்னே வரும். நாம் செய்ய வேண்டியதும் அதுவே. 1,000 அடியில் காற்றோடு, 600 அடியில் குறுக்கே, 300 அடியில் காற்றுக்கு எதிரே. தரைக்குப் பத்து, பன்னிரண்டு அடி இருக்கும்போது குடையைத் திருப்பும் இரண்டு கைப்பிடியையும் சீராகக் கீழே இழுப்பது ஃப்ளேர்.

பன்னிரண்டு அடி என்பதைப் புத்தகத்தில் படித்தால் கண்ணுக்குப் பிடிபடாது. நம் வீட்டு முகப்புத் தூணின் உச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் புதியவர்கள் மிக உயரத்திலேயே இழுத்துவிடுகிறார்கள். இழுத்துவிட்டால் கையை விடாதீர்கள், விட்டால் குடை முன்னே பாய்ந்து கீழே அடிக்கும். இழுத்தது இழுத்தபடி பிடித்து, கால்களைச் சேர்த்து முழங்காலைச் சற்று மடக்கி, பக்கவாட்டில் உருளத் தயாராகுங்கள். அந்த உருளலை நான் திண்ணையிலிருந்து செம்மண்ணில் குதித்துப் பழகினேன். முழங்கால் சிவந்ததே தவிர, 25 குதிப்பிலும் கணுக்கால் பிசகவில்லை. காற்று மணிக்கு 14 மைலைத் தாண்டினால் மாணவர்களை மேலே அனுப்ப மாட்டார்கள். அன்று உட்கார்ந்து குடை மடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். லைசென்ஸுக்கு அதுவும் தேவை. தன் கையால் மடித்த குடை தன் தலைக்கு மேல் விரிவதைப் பார்த்தவருக்குத்தான் அந்த நிம்மதி தெரியும்.

வீட்டாருக்கு

ஆத்தா கடைசிவரை முழு மனத்தோடு சம்மதிக்கவில்லை. கொப்புடையம்மன் கோயிலுக்குப் போய்த் திருநீறு வாங்கி வந்து பெட்டியில் வைத்தார்கள். நான் வானில் குதிக்கும் இந்தியப் பெண்கள் ஷீத்தல் மகாஜனையும் ரேச்சல் தாமஸையும் பற்றிச் சொன்னேன். ரேச்சல் 1979-லேயே குதித்தவர், பத்மஸ்ரீ வாங்கியவர், வட துருவத்தில் இறங்கியவர் என்றெல்லாம் சொன்னேன். "அவங்க ஆத்தாவும் இப்படித்தான் உக்காந்திருப்பாக" என்றார்கள். அதற்கு மேல் நான் வாதாடவில்லை. நீங்களும் வாதாட வேண்டாம். அவர்கள் பயத்தை அவர்களிடமிருந்து பிடுங்க முடியாது.

ஆனால் ஒரு தவறு செய்தேன், அதை நீங்கள் செய்யாதீர்கள். முதல் நாள், "பத்து மணிக்குக் குதிக்கிறேன், பத்தரைக்குக் கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டேன். மேகம் மூடி மூன்று மணி வரை யாரும் ஏறவில்லை. போன் லாக்கரில் இருந்தது. வீட்டில் அந்த நாலரை மணி நேரம் எப்படிப் போயிற்று என்று பிறகுதான் தெரிந்தது. குதிக்கும் நேரத்தைச் சொல்லாதீர்கள். "ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடுறேன்" என்று மட்டும் சொல்லி, அதை ஒரு நாளும் தவறவிடாதீர்கள்.

எட்டிலிருந்து இருபத்தைந்து வரை

நிலைகள் தேறியதும் பயம் வேறு உருவத்தில் வரும். தாழ்ந்த உயரத்தில், 5,500 அடியிலும் 3,500 அடியிலும் வெளியேறி உடனே குடை விரிக்கும் இரண்டு குதிப்புகள் உண்டு. 13,000 அடியில் அசராதவர்கள்கூட இங்கே தடுமாறுகிறார்கள். உயரம்தான் நமக்கு நேரம் என்பது உடம்புக்குப் புரிந்துவிட்ட அடையாளம் அது. இலக்கிலிருந்து 20 மீட்டருக்குள் ஐந்து தடவை இறங்க வேண்டும். இன்னொருவரோடு சேர்ந்து மிதக்கவும், பிரிந்து விலகவும் பழக வேண்டும். எழுத்துத் தேர்வும் வாய்மொழிக் கேள்விகளும் உண்டு. பாடத்தை ஒழுங்காகப் படித்தவருக்குச் சிரமமில்லை.

பதினைந்தாவது குதிப்புக்குப் பிறகு நடுக்கம் குறைந்துவிடும். அந்தச் சமயத்தில் இன்னும் கவனமாக இருங்கள். பயம் இருந்தவரை பெல்ட்டை மூன்று தடவை பார்த்தவர்கள், அது போனதும் ஒரு தடவை பார்க்கிறார்கள். என் பேரேட்டில் அப்போது ஏழாவதாக ஒரு தலைப்புத் திறந்தேன்: "பழக்கம்". எதிர்ப் பக்கத்தில் எழுதிய வேலை: ஏறும் முன், ஏறிய பின், கதவு திறக்கும் முன், மூன்று தடவையும் கைப்பிடிகளைத் தொட்டுப் பார்ப்பது. இன்றும் அதைச் செய்கிறேன்.

லைசென்ஸ் வாங்கி ஊர் திரும்பியவர்களுக்கு ஒரு செய்தி. 60 நாள் குதிக்காமல் இருந்தால் 'ஏ' லைசென்ஸ்காரரும் இன்ஸ்ட்ரக்டர் மேற்பார்வையில் மறுபடி ஒரு குதிப்புச் செய்த பிறகே தனியாகப் போக வேண்டும். நம் ஊரிலிருந்து திருச்சி போய் விமானம் பிடித்துப் போய்வர வேண்டிய தூரத்தில் இருக்கிற நமக்கு அறுபது நாள் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். அடுத்த பயணத்தின் முதல் நாளை அந்த மறுபாடத்துக்கென்றே ஒதுக்குங்கள். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து கண்ணாடி முன் சிவப்பு, வெள்ளியைத் திரும்பத் தொடங்குங்கள். நொடி எண்ண வீட்டில் யாரையாவது உட்காரவையுங்கள்.